மனம் ஒருமுகப்பட்டு என்ன செய்யப் போகிறது?

கவனமும் நினைவாற்றலும் வளர என்ன செய்ய வேண்டும் என்று சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று கேட்டாலும் பதில் கிடைத்துவிடும். நேரத்தோடு படு. வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகாதே. தினமும் கொஞ்சம் நட. படிக்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வை. படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார். இது பாட்டிக்கும் தெரியும், துணைப்பாட ஆசிரியருக்கும் தெரியும், சுகாதார அமைச்சுக்கும் தெரியும். இவ்வளவு எளிய காரியத்தை ஏன் பெரும்பாலான வீடுகளில் ஒரு பள்ளித் தவணை முழுக்கத் தொடர முடியவில்லை என்பதுதான் விளங்காத விஷயம். மனவுறுதி போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. இந்தப் பழக்கங்களை நாம் தினக்கூலிக்கு அமர்த்தியிருக்கிறோம். மதிப்பெண் வாங்கித் தரும்வரை வைத்துக்கொள்கிறோம். நெருக்கடி என்று வந்தால் முதலில் வெளியே அனுப்புவதும் அவற்றைத்தான். மதிப்பெண்ணுக்கு மேலே ஒரு காரணம் இருந்தாலொழிய அவை வீட்டில் தங்கா. அந்தக் காரணத்தைத் தேடத் தொடங்கினால், உடல்நலக் கேள்வியாக ஆரம்பித்தது சமயக் கேள்வியாக மாறிவிடுகிறது.

முதலில் சான்றைப் பார்ப்போம், அதிலும் உள்ளூர்ச் சான்றை. அப்போது டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் இருந்த பேராசிரியர் மைக்கேல் சீயின் குழு பதின்ம வயதினரின் தூக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2016இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் 15 முதல் 19 வயது வரையுள்ள 56 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஏழு இரவுகள் ஐந்து மணி நேரம்தான் படுக்கை. மற்றவர்களுக்கு ஒன்பது மணி நேரம். ஐந்து மணி நேரப் பிரிவினரின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் திறனும் சரிந்தது. பிறகு இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் தூங்கவிட்ட பிறகும் அவர்கள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. வார நாளில் விழித்திருந்து சனி ஞாயிறில் ஈடுகட்டிவிடலாம் என்று வீடுகளில் போடப்படும் கணக்கு இங்கே உதைக்கிறது. தூக்கத்துக்கும் நினைவுக்கும் உள்ள உறவு புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் பொருளற்ற அசைகளை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்துச் சோதித்தார்கள். படித்தபின் தூங்கியபோது, படித்தபின் விழித்திருந்தபோதைவிட அவர்கள் குறைவாகவே மறந்தார்கள். நடைப்பயிற்சி பற்றியும் ஆய்வுகள் உண்டு, ஆனால் தூக்கத்துக்கு இருக்கும் அளவு வலுவான சான்று அதற்கு இல்லை. பாங் சுவா பூங்கா இணைப்பில் மாலையில் நடப்பவர்களை அதற்காக யாரும் நிறுத்த வேண்டியதில்லை. தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் வல்லாரைக் கீரையும் அப்படித்தான். துவையலுக்கு அருமையானது. நள்ளிரவு வரை விழித்திருக்கும் பிள்ளைக்கு அது பரிகாரம் ஆகாது.

இதே குழு ஆராய்ந்த இன்னொரு நிகழ்வு என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2016 ஜூலையில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தன் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்குத் தள்ளிவைத்தது. இந்த ஊரில் அது துணிச்சலான முடிவு. ஒரு மாதம் கழித்து அளந்தபோது மாணவிகள் படுக்கையில் கழித்த நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் தேறியது. அந்த 23 நிமிடமும் பெரிய விஷயம்தான், அந்தப் பள்ளியைப் பாராட்ட வேண்டும். ஆனால் கொடுக்கப்பட்டது 45 நிமிடம். மீதிப் பாதி எங்கே போனது? கொஞ்சம் தாமதமாகப் படுத்ததில் போனது, கொஞ்சம் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்ததில் போனது. பள்ளியும் பெற்றோரும் ஆய்வாளர்களும் ஒரே பக்கம் நின்று இழுத்தும்கூட நேரம் பாதிதான் தூக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தூக்கத்துக்கென்று ஒதுக்கிய நேரத்தைப் பாடமோ கைப்பேசியோ பேச்சோ வந்து எடுத்துக்கொள்ளும்போது அதைத் தடுக்க யாரிடமும் ஒரு காரணம் இருப்பதில்லை. நன்றாகத் தூங்கினால் நன்றாகப் படிக்கலாம் என்பது மட்டுமே தூங்குவதற்கான நியாயம் என்றால், நாளைக்கே தேர்வு என்ற இரவில் அந்த நியாயம் தன்னைத் தானே தோற்கடித்துக்கொள்கிறது.

சமயத்தின் பக்கம் திரும்பியதும் ஒரு தடை எழும். நம் மரபே தூக்கத்துக்கு எதிரியாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் கெட்டுப்போக விரும்புகிறவர் ஏறும் மரக்கலங்களாகக் காலம் தாழ்த்தல், மறதி, சோம்பல் இவற்றோடு தூக்கத்தையும் சேர்த்திருக்கிறார். நன்னூலும் பாடம் சொல்லத் தகாத மாணாக்கரின் பட்டியலில் தூங்குமூஞ்சியை வைத்திருக்கிறது. பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படி என்று சொல்லாத தாத்தா கிடையாது. இந்தத் தடைக்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடியும் வேளை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததும் அதில் அடக்கம். ஆக, இங்கே பிரம்ம முகூர்த்தம் ஏறத்தாழ 5.24 முதல் 6.12 வரை. ஏழரை மணிப் பள்ளிக்கு ஐந்தரைக்கு எழுந்து, இருட்டில் சீருடை மாட்டிக்கொண்டு, சுவா சூ காங் பேருந்து முனையத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளை தாத்தா சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது. தாத்தா ஊரில் விளக்கு வைத்த சற்று நேரத்தில் ஊர் அடங்கியது. இங்கே இரவு பத்தரைக்குக் கூட வகுப்பின் குறுஞ்செய்திக் குழு அடங்குவதில்லை. முன்னோர் சொன்னதில் விடியலை மட்டும் வாங்கிக்கொண்டு இரவை விட்டுவிட்டோம். வள்ளுவர் கண்டித்த தூக்கம் செய்ய வேண்டிய வேலையிலிருந்து ஒளிந்துகொள்ளும் தூக்கம். சோம்பலின் பக்கத்தில் அவர் அதை உட்காரவைத்ததிலிருந்தே இது புரியும். கீதையின் ஆறாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. அதிகமாக உண்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும், அளவுக்கு மீறித் தூங்குபவனுக்கும் தூங்காமலே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பது அங்கே கண்ணன் சொல்வதன் சாரம். தியானத்தைப் பற்றிய அத்தியாயத்தில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பேச அந்த ஆசிரியருக்குக் கூச்சம் இல்லை.

யோக மரபில் இத்தகைய பழக்கங்கள் வரும் வரிசைதான் முக்கியம். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் தாரணை ஆறாவதாக வருகிறது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் என்றுதான் தொடங்குகிறார். பிறரைத் துன்புறுத்தாமை, பொய்யாமை, திருடாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை இவையெல்லாம் முதலில், பிறகு தூய்மை, மனநிறைவு, தவம் போன்றவை, பிறகு இருக்கை, பிறகு மூச்சு, பிறகு புலன்களை உள்ளே திருப்புதல், அதற்குப் பிறகே கவனம். இன்றைய நலவாழ்வுப் பயிலரங்கங்கள் இந்த ஏணியின் மூன்றாம் நான்காம் படிகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து மாட்டுகின்றன. மூச்சை இழுத்து விடக் கற்றுக்கொடுக்கிறார்கள், முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்கிறார்கள். அதனால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்மை பேசுவதற்கும் கணக்குப் பாடத்தில் கவனம் நிற்பதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை அவர்கள் கேட்பதே இல்லை. தொடர்பு இருக்கிறது, அதைக் காண முனிவராக இருக்கத் தேவையில்லை. பொய் சொன்னவன் இரண்டு கணக்குகளை ஒரே நேரத்தில் தலையில் சுமக்கிறான், நடந்தது ஒன்று, சொன்னது ஒன்று. நண்பனின் படத்துக்குக் கீழே கிண்டலாக எதையோ எழுதிவிட்டு வந்த பிள்ளை, யார் என்ன பதில் போட்டார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் மனம் கேள்வித்தாளில் பாதியும் அந்த வீட்டில் பாதியுமாக இருக்கிறது. கவனம் சிதறுவது பெரும்பாலும் கண்ணால் அன்று. முடிக்காமல் விட்டுவந்த உறவுக் கணக்குகளால். இயமமும் நியமமும் அந்தக் கணக்குகளைக் குறைக்கும் ஏற்பாடு. வள்ளுவர் மறதிக்கே பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதைப் பொருட்பாலில், ஆட்சி செய்பவனுக்குரிய பண்புகளின் நடுவே வைத்தார். அங்கே அவர் பேசும் மறதி மூளையின் கோளாறைப் பற்றியது இல்லை. மிதமிஞ்சிய மகிழ்ச்சியில் தன் கடமையை மறப்பது. அளவு கடந்த கோபத்தைவிட அது கெடுதல் என்கிறார். வெற்றி பெற்றவன்தான் முதலில் மறக்கிறான் என்பதை அவர் பார்த்திருக்கிறார்.

பழக்கங்களைப் பற்றிய மரபின் அறிவு வெறும் அறவுரை இல்லை என்பதற்கு நன்னூலைவிட நல்ல சாட்சி கிடையாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கணத்தின் பாயிரத்தில் பாடம் கேட்கும் முறை என்று ஒரு பகுதி உண்டு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்கு அறிவுதான் ஏறும் என்கிறது அது. உடன் பயில்பவர்களோடு பழகி ஆராய்வதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கும் தான் கற்றதைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். இந்தக் கணக்கைத் தராசில் நிறுத்த முடியாது. ஆனால் திசை சரி என்பதற்கு 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனை நல்ல சான்று. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களும், ஒருமுறை படித்துவிட்டுப் பின்பு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிய மாணவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே வென்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். திரும்பப் படித்தவர்கள்தான் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பது இதில் வேடிக்கை. மஞ்சள் மையால் பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டு எல்லாம் ஏறிவிட்டது என்று நினைக்கும் பிள்ளையை நன்னூலார் பார்த்திருந்தால் கால் பங்கு என்றே சொல்லியிருப்பார். நினைவு நன்றாக வேர்விடும் வழி அதை இன்னொருவருக்குக் கொடுப்பது என்று இரு தரப்பும் ஒப்புகின்றன. தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அக்கா தன் நேரத்தை இழப்பதாக நினைக்கும் பெற்றோருக்கு இது செய்தி.

மனப்பாடத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்களிடமும் ஒன்று கற்கலாம். வேதம் ஓதுபவர்கள் சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிச் சொல்லும் கிரமம், ஜடை, கனம் என்ற முறைகளால் ஒரு பெரிய வாய்மொழித் தொகுதியை எழுத்தின் துணையில்லாமல் காத்தார்கள். அந்த வாசல் மிகச் சிலருக்கே திறந்திருந்தது, பெண்களுக்கும் பெரும்பான்மைச் சாதியினருக்கும் அடைத்திருந்தது என்பதையும் சொல்லாமல் போகக்கூடாது. தேவாரம் ஓதும் மரபு அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் திருமுறை மாநாட்டில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மேடையேறிப் பாடுகிறார்கள். வேத பாடசாலைகளில் கவனிக்க வேண்டியது விடுமுறை. பிரதமை, அட்டமி போன்ற திதிகளில் அங்கே புதுப் பாடம் கிடையாது. இடி இடித்தால்கூட ஓதுவதை நிறுத்தச் சொல்லும் தரும நூல்கள் உண்டு. நினைவையே நம்பி வாழ்ந்தவர்கள் படிக்கக்கூடாத நாட்களைப் படிக்கும் நாட்களுக்கு இணையான கண்டிப்போடு வைத்திருந்தார்கள். அந்த ஓய்வை யாரும் சம்பாதிக்க வேண்டியதில்லை, பாடம் முடியவில்லை என்று ஒத்திப்போடவும் முடியாது. திதி வந்தால் ஓய்வு வந்துவிடும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒழுங்காகத் தூங்கி எழுந்து நன்றாகப் படிக்கிறார்கள், பக்தி மிகுந்த வீடுகளிலும் பிள்ளைகள் நள்ளிரவு வரை விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு எதற்குச் சமயம்? முதல் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பழக்கத்தைத் தாங்கி நிறுத்துவது கடவுள் என்று நான் சொல்லவரவில்லை. பேரம் பேச முடியாத ஒன்றாக அது இருப்பது, தன் லாபத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றுக்காக அது இருப்பது, இவை இரண்டுமே அதைத் தாங்குகின்றன. சமயங்கள் இவற்றை நெடுங்காலம் பயிற்றுவித்தன, அதனால் அங்கே தேடுவது இயல்பு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் 1942இல் பள்ளிப் படிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த இடத்தில் உதவும். வடிவியல் கணக்கோடு ஒரு மாணவி ஒரு மணி நேரம் போராடி விடை கிடைக்காமல் போனாலும் அந்த மணி நேரம் வீண்போகவில்லை என்பது அவர் வாதம். அவளுக்குள் கவனிக்கும் சக்தி வளர்ந்திருக்கிறது. பிரார்த்தனை அந்தச் சக்தியால் ஆனது. துன்பத்தில் இருக்கும் ஒருவரின் எதிரில் உட்கார்ந்து அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கும் அதே சக்திதான் வேண்டும். வேய் எந்தத் திருச்சபையிலும் முறையாகச் சேராமல் வாசலிலேயே நின்றவர், அதனால் அவர் சொல்வதை நம்பிக்கையில்லாதவர்களும் கேட்கலாம். பள்ளிப் படிப்பில் மதிப்பெண்ணை அவர் பின்னுக்குத் தள்ளினார். பிள்ளை இன்று கணக்குப் போடுவது வளர்ந்த பிறகு உடல் முடியாத பாட்டியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதற்கு என்றால் படிப்பின் பொருளே மாறுகிறது. இதை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் இதை ஏற்கும் வீட்டில், தேர்வு நெருங்கும்போது பாட்டியோடு பேசும் நேரம் முதலில் வெட்டப்படாது.

மறுப்பின் இரண்டாம் பாதி, பக்தி வீடுகளிலும் இதே கதைதான் என்பது, உண்மை. தேர்வுக் காலத்தில் கோயிலில் பிள்ளையின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இரவு ஒரு மணிவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வதில் சாமியும் கூலியாளாகிவிடுகிறார். வழிபாட்டை மதிப்பெண்ணுக்கான கருவியாக்கினால் மற்றக் கருவிகளுக்கு நேரும் கதியே அதற்கும் நேரும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. ஒழுங்கு, நியமம் என்று பேசுவது வசதி உள்ளவர்களின் பேச்சு என்பார்கள். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைக்கு நியமத்தைப் போதிப்பது கொடுமை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மருத்துவமும் பொருத்தமான கற்பித்தலும். நோயாளியையும் மந்தமானவனையும் வாசலிலேயே நிறுத்திவிடச் சொன்ன நன்னூலை இந்த ஒரு விஷயத்தில் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. பழைய சுவா சூ காங் சாலையில் இருக்கும் சுங்கை தெங்கா விடுதியில் ஏறத்தாழ 25,000 வெளிநாட்டு ஊழியர்களுக்குப் படுக்கை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த எத்தனையோ பேர் இத்தகைய விடுதிகளில்தான் இருக்கிறார்கள். ஒரே அறையில் இரவு வேலைக்குக் கிளம்புபவரும் பகல் வேலையிலிருந்து திரும்பியவரும் இருந்தால், அடுக்குக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் எட்டு மணி நேரத் தூக்கத்தைப் பற்றி உபதேசிப்பதில் என்ன அர்த்தம்? கொவிட் கற்றுத்தந்த பாடத்துக்குப் பிறகு 2021இல் புதிய விடுதிகளுக்கு ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது என்ற வரையறை வந்தது. கிருமியை நினைத்து வந்த விதிதான், ஆனாலும் தூக்கத்துக்கும் அதனால் நன்மை உண்டு. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகிறது. இயமத்தின் முதல் விதி பிறரைத் துன்புறுத்தாமை என்றால், இன்னொருவரின் தூக்கத்தைப் பறிக்காமல் இருப்பதும் அதில் சேரும். இரவு பதினொரு மணிக்கு ஊழியருக்குச் செய்தி அனுப்பும் மேலாளர், மாணவர்கள் நள்ளிரவுவரை முடிக்க முடியாத வீட்டுப்பாடம் கொடுக்கும் ஆசிரியர், இவர்கள் தியான வகுப்புக்குப் போய் என்ன பயன்? 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் கைப்பேசி கூடாது என்று கல்வி அமைச்சு சொல்லியிருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்த விதியின் எல்லை பள்ளி வாசல். வாசலுக்கு வெளியே வீட்டிலும் அலுவலகத்திலும் பெரியவர்கள் அதே கட்டுப்பாட்டை ஏற்காவிட்டால் அது பிள்ளைகளுக்கு மட்டும் விதித்த தண்டனையாகவே தோன்றும்.

எல்லாம் கைப்பேசியில் இருக்கும்போது நினைவாற்றல் எதற்கு என்ற கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை. கைப்பேசியில் இருப்பதை வைத்துக்கொண்டு யாரும் சிந்திப்பதில்லை. மனத்தில் இருப்பதை வைத்துத்தான் சிந்திக்கிறோம். மரபே ஒரே நேரத்தில் நூறு காரியங்களைக் கவனிப்பவரைக் கொண்டாடியதே என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இடலாக்குடியில் பிறந்த செய்குதம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து சதாவதானி ஆனார். அவர் செய்தது சிதறலுக்கு நேர் எதிரானது. கேட்கப்பட்ட ஒவ்வொன்றையும் மனத்தில் தனித்தனியே நிறுத்தி, இடையூறுகளுக்குப் பிறகும் விட்ட இடத்துக்குத் திரும்பி, கடைசியில் ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். பத்துச் செயலிகளைத் திறந்துவைத்து எதற்கும் திரும்பாதவர் அவதானி இல்லை.

நினைவைப் பற்றிச் சுவா சூ காங்கில் எழுதும்போது அங்கிருக்கும் மயானத்தைத் தாண்டிப் போக முடியாது. நாட்டில் இன்னும் அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே மயானம் அது. இந்து, கிறிஸ்துவ, இஸ்லாமிய, சீன, யூத, பார்சிப் பகுதிகள் அங்கே அருகருகே உள்ளன. இடப் பற்றாக்குறையால் 1998 முதல் ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுதான் தவணை. அதன் பிறகு தோண்டியெடுத்து, சமயம் அனுமதித்தால் எரியூட்டுகிறார்கள், இல்லையேல் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்கிறார்கள். கல்லில் பெயர் பொறித்துவிட்டால் நினைவு நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தத் தீவில் நிலம் போதவில்லை. பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் அதை நம்பியதும் இல்லை. மண்டாயில் எரியூட்டிச் சாம்பலைக் கரைத்த பிறகு அவர்களிடம் மிஞ்சுவது ஒரு திதி மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நாளைக் கணக்கிட்டு, பெயரைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டு, அவருக்குப் பிடித்த பதார்த்தத்தைச் சமைக்கிறார்கள். குறித்த இடைவெளியில் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே மறதியைத் தள்ளிவைக்கிறது என்று 1885இல் ஜெர்மனியில் எபிங்ஹாஸ் தொடங்கிய ஆராய்ச்சி மரபு சொல்வதையே ஒரு குடும்பம் அடுப்படியில் செய்கிறது. இதில் யாருக்கும் மதிப்பெண் கிடையாது. நினைக்கப்படுபவர் நன்றி சொல்லவும் போவதில்லை. ஆனாலும் பல வீடுகளில் தலைமுறை தாண்டி நிற்கும் பழக்கம் இதுதான், கைப்பேசியை ஒன்பது மணிக்கு அணைக்கும் பழக்கம் இல்லை.

ஆகவே நடைமுறையில் சோதனை எங்கே வரும் என்று பார்த்தால், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத்தாள்கள் வரும் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வரும். பல ஆண்டுகளில் நவராத்திரி வருவதும் அப்போதுதான். சரசுவதி பூசையன்று புத்தகங்களைப் பூசை மாடத்தில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், விசயதசமியன்று காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது என்பது வழக்கம். கல்விக்குரிய தெய்வத்துக்கான நாளில் படிப்பு தடைசெய்யப்படுகிறது. எத்தனையோ நல்ல வீடுகளில் அன்றைக்கு ஒரு சமரசம் நடக்கிறது: பழைய வகுப்புப் புத்தகங்கள் மாடத்துக்குப் போகின்றன, இந்த ஆண்டின் பயிற்சித்தாள்கள் மேசையிலேயே இருக்கின்றன. நான் அந்தப் பெற்றோரைக் குறை சொல்லமாட்டேன், அவர்களின் பயம் உண்மையானது. கணக்கு மட்டும் தவறு. கடைசி மாலையில் ஏறுவது கொஞ்சம், அந்த இரவின் தூக்கம் கெட்டால் போவது அதிகம். மறுநாளே தேர்வு என்றாலும் உண்மையான பயிற்சித்தாள்களையே மாடத்தில் வைத்துப் பார்க்கலாம். பிள்ளை சுண்டல் சாப்பிட்டுவிட்டு, தெரிந்ததைத் தம்பிக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுக்கப் போகட்டும். பத்தரைக்கு அம்மாவுக்கே பதற்றம் வந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்று தோன்றினாலும், புத்தகம் அம்பாள் காலடியில் இருக்கிறது. விடியும்வரை அதை அவராலும் எடுக்க முடியாது.